முழங்கால் வகுப்பு

வியாகுலமேரி பிரம்பை ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றுவிட்டது. எதிரே வகுப்பு முழுவதும் மடமடவென்று முழங்காலில் விழுந்து, கண்ணை மூடி, கைகுவித்து, மாதாவை வேண்டும் மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கிவிட்டது. அடி வாங்க வேண்டிய நாகராசுதான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னான்.

குருசடிப்பட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அன்று முதல் நாள். இரண்டாம் வகுப்பு ஜெபமாலையம்மாள் டீச்சர் பிரசவ லீவில் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை வகுப்பைப் பார்த்துக்கொள்ள வியாகுலமேரியைப் போட்டிருந்தார்கள். நாகராசு பெரிய குற்றம் எதுவும் செய்துவிடவில்லை. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பக்கத்துப் பெண்ணின் சடையைச் சன்னல் கம்பியில் கட்டிவிட்டான், அவ்வளவுதான்.

ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நடுவில் தடுக்கக் கூடாது. வாசலில் விருந்தாளி நின்றாலும் சரி, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, தொடங்கிய ஜெபம் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவள் வியாகுலமேரி. ஜெபத்துக்கு நடுவே பிரம்போடு நிற்க அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு அவளும் முழங்காலிட்டாள். எழுந்திருக்கும்போது கோபம் போன இடம் தெரியவில்லை. சடைக்காரியும் தன் சடையைத் தானே அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எவ்வளவு பக்தியான பிள்ளைகள் என்று வியாகுலமேரி மனம் உருகினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவள் முழங்காலிட்டு முழங்காலிட்டுப் புடவையின் முன்பக்கம் செம்மண் நிறமாகிவிட்டது. ஒருவன் சிலேட்டால் அடுத்தவன் மண்டையில் தட்டுவான். அவள் பிரம்பை எடுப்பாள். முன்வரிசையிலிருந்து செவந்தி என்ற சின்னப் பெண் முழங்காலில் இறங்குவாள். அதற்கு மேல் அந்த வகுப்பில் யாரும் யாரையும் அடிக்க முடியாது.

இந்தச் செவந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் யாரும் கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் இல்லை. உழுது பிழைக்கும் சம்சாரி வீடு, குலதெய்வம் ஐயனார். அவளோ ஜெபங்கள் அத்தனையையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். முன்பல் இரண்டு விழுந்திருந்ததால் இடையிடையே சீட்டியும் சேர்ந்து வரும். வீட்டில் ஐயனார், பள்ளிக்கூடத்தில் மாதா, இரண்டு இடத்திலும் அவளுக்குச் செல்வாக்கு இருந்தது.

மத்தியானம் மூன்றாம் வகுப்பு சூசைமேரி டீச்சரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் வியாகுலமேரி. சூசைமேரிதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையும். வரும் கோடையோடு ரிட்டயர் ஆகப்போகிறவர். அதனால் எதைப் பற்றியும் கவலைப்படுவதை அப்போதே நிறுத்திவிட்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பிள்ளைக மாதிரி பக்தி நான் எங்கயும் பாத்ததில்லக்கா."

சூசைமேரி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பக்தியா? அடி போடி. கம்பப் பாத்தா வர்ற பக்தி அது. ஜெபமாலையம்மா வராத ஒரு நா நான் அந்த வகுப்புல நாகராசுப் பயல அடிக்க ஓங்குறேன், சரியா கோயில்ல பன்னெண்டு மணி அடிச்சிருச்சு. திரிகால ஜெபமாச்சே, கம்பக் கீழ போட்டுட்டு முழங்கால் போட்டேன். இந்தச் செவந்தி அதக் கண்கொட்டாம பாத்துக்கிட்டே இருந்தா. மணி அடிக்காட்டியும் இது வேலை செய்யுமான்னு மறுநாளே சோதிச்சுப் பாத்துட்டா."

"ஜெபமாலையம்மா டீச்சர்கிட்டயுமா?"

"அவகிட்டப் பலிக்குமா? அவ ஜெபஞ் சொல்லிக்கிட்டே காதத் திருகுவா. ஆமென் வர்றதுக்குள்ள காது செவந்துரும். ஒனக்கு முந்தி ஒரு வாத்தியாரு வந்தாரு, நல்ல மனுசன். ஒரு வாரம் முழங்கால் போட்டாரு. அப்பறம் புதுக்கோட்டை பஸ்ஸுல ஏறிப் போனவருதான், கொடையக்கூட வந்து எடுத்துக்கிடல. அந்தா மூலையில தொங்குது பாரு."

வியாகுலமேரி குடையைப் பார்த்தாள். காலையிலிருந்து தான் உருகிய உருக்கத்தை நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பால் பல் விழுந்து முளைக்காத பொடிசுகள் தன்னை ஏமாற்றிவிட்டன என்பதைவிட, மாதாவை வைத்து ஏமாற்றிவிட்டன என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டாள். எனக்கென்னடி தெரியும், நான் ஜூன் மாதம் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு சூசைமேரி கை கழுவப் போனார்.

சாயங்காலம் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துக்குக் கரஸ்பாண்டெண்ட் அவர்தான்.

"தோத்திரம் சாமி."

"ஆசீர்வாதம். ஏம்மா, இன்னைக்கு ஒன் வகுப்பு ஜெபம் என் பங்களா வரைக்கும் கேட்டுச்சே. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்த வாரம் புதுக்கோட்டையில இருந்து இன்ஸ்பெக்டர் வாராரு. பாட நேரத்துல ஜெபஞ் சொல்லக் கூடாதுன்னு சர்க்கார்ல கண்டிசன். மத்த மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற எடம் பாரு. அவரு முன்னால கணக்குப் பாடத்துல பிள்ளைக முழங்கால் போட்டா சர்க்கார் குடுக்குற கிராண்டுக்கு ஆபத்து."

"சரிங்க சாமி."

"வகுப்ப அடக்கி வச்சுக் காட்டு. சூசைமேரி போனதும் அந்த எடம் ஒனக்குத்தான், நிரந்தரமா. முடியலேன்னா சொல்லிரு, ஒங்கப்பாவுக்கு எழுதிப்போட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றேன்."

அப்பா தைரியநாதன் கூட்டிக்கொண்டு போனால் அடுத்து என்ன என்பது வியாகுலமேரிக்கு நன்றாகத் தெரியும். ஈஸ்டர் முடிந்ததும் தாய்மாமன் மகன் சந்தனராஜோடு கலியாணம். சந்தனராஜ் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்வதற்கு முன்பே அதற்குச் சிரித்து முடித்துவிடுவான். சிரித்து முடித்ததும் வேடிக்கை மறந்துபோகும். நிரந்தர வேலை கிடைத்தால் கலியாணத்தை அவள் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே ஆயுள் முழுவதும் சந்தனராஜின் சிரிப்பைக் கேட்பதா வேண்டாமா என்பது இப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் இருந்தது.

ட்ரெயினிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த வித்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆசிரியர் குரலைத் தாழ்த்தினால் வகுப்பும் தாழும் என்பார்கள். தாழ்த்தினாள். வகுப்பும் தாழ்ந்தது. குசுகுசுவென்று அத்தனை பேரும் பேசியதில், யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான் மிச்சம். சேட்டைக்காரனுக்குப் பொறுப்பைக் கொடு, திருந்துவான் என்பார்கள். சிலேட்டுகளை அடுக்கும் பொறுப்பை நாகராசுவிடம் கொடுத்தாள். அவன் மிகுந்த பொறுப்போடு அத்தனை சிலேட்டுகளையும் கொண்டுபோய்க் கோயில் மணிக்கூண்டுப் படியில் அடுக்கிவிட்டு வந்தான். பிரம்பே வேண்டாம் என்று மேசைக்குள் பூட்டிவைத்துப் பார்த்தாள். அன்றைக்கு வகுப்பில் ஒரு ஆட்டுக்குட்டி வந்துவிட்டது. யார் கொண்டுவந்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. பிரம்பைத் திரும்ப வெளியே எடுத்தாள். செவந்தி முழங்காலில் இறங்கினாள்.

அந்த நிமிடத்தில்தான் வியாகுலமேரிக்கு ஒன்று உறைத்தது. ஜெபத்தை நடுவில் தடுக்கத்தானே கூடாது? நீட்டக் கூடாது என்று யார் சொன்னது?

பிள்ளைகளோடு அவளும் முழங்காலிட்டாள். மங்கள வார்த்தை முடிந்து ஆமென் சொல்லி எழுந்திருக்கப் போனவர்களை, இருங்க என்று கையமர்த்தினாள்.

"ஒங்களுக்கு இம்புட்டுப் பக்தி இருக்கயில பாதியில நிறுத்தலாமா? அம்பத்துமூணு மணி ஜெபமாலையும் சொல்லிருவோம்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வியாகுலமேரி கழுத்திலிருந்து ஜெபமாலையைக் கழற்றினாள். ஐந்து பகுதியாகச் சொல்லும் துக்க தேவ இரகசியங்களில் தொடங்கினாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு மணியையும் வெல்லக்கட்டி சப்புகிறவள்போல நிதானமாகச் சொன்னாள். சிமெண்டு பெயர்ந்த தரையில் பொடிக்கல் முழங்காலைக் குத்தியது. பிள்ளைகள் இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றிப் பாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வியாகுலமேரி அசையவில்லை. பெரிய வியாழன் இரவு முழுக்கக் கோயிலில் முழங்காலிட்டுப் பழகிய குடும்பம் அது. இன்டர்வல் மணி அடித்தது. மற்ற வகுப்புகள் வெளியே கபடி ஆடின. இரண்டாம் வகுப்பு மூன்றாம் தேவ இரகசியத்தில் இருந்தது.

ஜெபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனை. டீச்சர் ஒவ்வொரு பட்டமாகச் சொல்ல, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கணீரென்று வந்த பதில், போகப் போக முனகலானது. கடைசியில் நாகராசு அதை உண்மையாகவே, கண்ணில் நீரோடு, சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் ஒரு தடவைதான் ஜெபம் நடந்தது, முழு நீளத்துக்கு. அதற்கு அடுத்த நாள் பின்வரிசையில் ஒருவன் பழக்கதோஷத்தில் முழங்காலில் இறங்கினான். பக்கத்திலிருந்தவர்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

சாயங்காலம் மணி அடித்து எல்லாரும் ஓடிய பிறகு செவந்தியும் நாகராசும் மட்டும் மேசை ஓரமாக வந்து நின்றார்கள். பேசியது செவந்தி.

"டீச்சர், ஒங்ககிட்ட ஒரு சங்கதி பேசணும்."

"பேசு."

"நாங்க இனிமே வகுப்புல ஜெபஞ் சொல்லல. நீங்களும் சொல்லச் சொல்லக் கூடாது."

"சரி."

"கம்ப மேல வச்சிரணும்." கரும்பலகைக்கு மேலே ஓடிய விட்டத்தைக் கைகாட்டினாள்.

"வைக்கிறேன். அப்ப சேட்டை பண்றவன என்ன பண்றது?"

செவந்தி கொஞ்சம் யோசித்தாள். "அத நாங்களே பாத்துக்கிடுவோம். நீங்க தலையிட வேணாம்."

ஐயனார்மேல் சத்தியம் என்றாள் செவந்தி. சத்தியம் செய்வது வேதக் கட்டளைக்கு விரோதம் என்பதால் வியாகுலமேரி தலையை மட்டும் ஆட்டினாள். பிரம்பு விட்டத்துக்கு ஏறியது.

அதற்குப் பிறகு அந்த வகுப்பைப் பார்க்க வேண்டுமே. எவனாவது வாயைத் திறந்தால் செவந்தி திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். மீறினால் இன்டர்வலில் அவனை யாரும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. நாகராசு சிலேட்டுகளை அடுக்க வேண்டிய இடத்தில் அடுக்கினான். சொல்லாமல் கொள்ளாமல் வந்த ஆட்டுக்குட்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. வியாகுலமேரிக்கு அடக்க முடியாத சந்தோஷம். நிம்மதியாகக் கணக்குப் பாடம் நடத்தினாள், பிள்ளைகளும் படித்துத் தொலைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் வந்த அன்று அவள் காலையிலேயே கோயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். ஆத்மநாதன் கோட்டும் வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக இருந்தார். எதைச் செய்தாலும் செய்வதற்கு முன்னும் பின்னும் கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர். மற்ற வகுப்புகளை முடித்துக்கொண்டு கடைசியாகத்தான் இரண்டாம் வகுப்புக்கு வந்தார். வகுப்பில் இருந்த ஒரே நாற்காலியைப் பிள்ளைகளைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கரும்பலகை, அதன் பக்கத்தில் வியாகுலமேரி. சாமியார் வாசற்படியில் நின்றார்.

"ஒரு கூடையில இருபது மாங்காய் இருக்கு. அஞ்சு மாங்காய எடுத்துட்டாங்க. மீதி?" நாகராசுவைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு சார் எடுத்தது?"

செவந்தி திரும்பிப் பார்த்தாள்.

"பதினஞ்சு சார்," என்றான் நாகராசு.

கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. சத்தம் இல்லை, சலசலப்பு இல்லை. ஆத்மநாதன் திருப்தியாகத் தலையாட்டி, கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஃபாதர், சின்ன வகுப்பு இவ்வளவு ஒழுங்கா இருந்து நான் பாத்ததில்ல. பாட நேரத்துல ஜெபம், கிபம்னு ஒண்ணும் இல்லையே?"

"பாட நேரத்துல மூச்சு விட மாட்டாங்க," என்றார் சாமியார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை யாரை விட்டது. "ஆனா பன்னெண்டு மணி அடிச்சுப் பாட நேரம் முடியட்டும், அப்பப் பாருங்க. ஊரே முழங்கால் போடும். இந்தப் பிள்ளைகளும் யாரும் சொல்லாம தானாப் போடுவாங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல."

"பாட நேரம் முடிஞ்சா எனக்கென்ன ஆட்சேபணை. பாத்துட்டே போறேன்," என்றார் ஆத்மநாதன்.

வியாகுலமேரி செவந்தியைப் பார்த்தாள். வகுப்பில் ஜெபம் இல்லை என்பதுதான் ஒப்பந்தம். பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு விலக்கு உண்டு என்று யாரும் பேசவே இல்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகு தினமும் கோயில் மணி அடிக்கும் முன்பே சாப்பாட்டுக்கு விட்டுவந்ததால் அவளுக்கும் அது தோன்றவில்லை.

கோயில் மணி அடித்தது.

சாமியார் வாசற்படியிலேயே முழங்காலிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். தெருவில் போன வண்டி நின்றது. இரண்டாம் வகுப்பு அசையவில்லை. கையைக் கட்டி, உதட்டை இறுக மூடி, சொன்ன சொல் தவறாதவர்களாக உட்கார்ந்திருந்தது. செவந்தி மட்டும் டீச்சரைப் பார்த்து, பயப்படாதீங்க என்பதுபோல மெல்லக் கண்ணைச் சிமிட்டினாள்.

மணி இரண்டாம் முறை அடித்தது. சாமியாரின் காது சிவந்தது. இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சாமியார் கண்ணை உருட்டி வியாகுலமேரியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு அப்பாவின் வண்டி தெரிந்தது, வண்டிக்குப் பின்னால் சந்தனராஜ் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருந்தான். வாயைத் திறந்து முழங்கால் போடுங்க என்று சொல்லிவிடலாம். சொன்னால் கட்டாயப்படுத்தியதாக ஆகிவிடும். ஆடாமல் நின்றால் வேலை போய்விடும்.

சாமியார் தலையைக் குனிந்து ஜெபத்தைத் தொடர்ந்த நேரம் அது. வியாகுலமேரி நுனிக்காலில் எம்பி, விட்டத்திலிருந்த பிரம்பை எடுத்தாள். யாரை அடிப்பது என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. பிள்ளைகள் கண்ணில் பட்டால் போதும் என்று உயரத் தூக்கிப் பிடித்தாள்.

செவந்தியின் கண் அகன்றது. பிரம்பைப் பார்த்தாள், அதற்கு நேர் கீழே பார்த்தாள். தடாலென்று முழங்காலில் விழுந்து, வீடு வரை கேட்கிற குரலில் ஜெபத்தைத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் விழுந்தது. நாகராசு இரண்டு கையையும் மேலே தூக்கிக் கெஞ்சினான். முதல் நாளில்கூட அவர்கள் அத்தனை உருக்கமாகச் சொன்னதில்லை. ஒன்றிரண்டு பெண் பிள்ளைகள் அழுதேவிட்டார்கள்.

ஜெபம் முடிவதற்குள் பிரம்பு பழையபடி விட்டத்தில் இருந்தது. வியாகுலமேரி கண்ணை மூடி முழங்காலில் இருந்தாள்.

ஆத்மநாதன் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் முகத்தப் பாத்துக்கிட்டே சொல்லுதுங்க ஃபாதர். முப்பது வருசம் சர்வீஸ்ல ஒரு வகுப்பும் எனக்காக இப்படிக் கும்பிட்டதில்ல," என்றார். சாமியார் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, சூசைமேரியின் இடம் யாருக்கு என்பதை அங்கேயே சொல்லிவிட்டார்.

பெரியவர்கள் போனதும் செவந்தி மேசை ஓரம் வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நாங்க ஒப்பந்தத்த மீறல டீச்சர். எங்களுக்காகச் சொல்லல."

"பின்ன யாருக்காகச் சொன்னீங்க?"

"அந்தச் சாருக்காகத்தான். எல்லாக் கணக்கையும் சரின்னுதானே சொன்னாரு. அவர் மண்டைக்கு மேல போயி எதுக்குக் கம்ப ஓங்குனீங்க?"

வியாகுலமேரி விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்த வாரம் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் அவள் உள்ளூர்ச் சாமியாரிடம் போகவில்லை. பஸ் ஏறி ஆவூருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. நிரந்தர டீச்சராக வியாகுலமேரி மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தாள். முன்வரிசையில் புதுப்பல் முளைத்த செவந்தி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நாகராசு. இரண்டாம் வகுப்பு அப்படியே மூன்றாம் வகுப்பாகி அவளுக்காகக் காத்திருந்தது. இது நடக்கும் என்று வேலைக்காகத் தவம் கிடந்தவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவள் பெயர் கூப்பிடத் தொடங்கும் முன்பே செவந்தி எழுந்து நின்றாள். கரும்பலகையைப் பார்த்தாள், அதற்கு மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், இந்த வகுப்புல விட்டம் ஒசரம். ஒங்களுக்கு எட்டாது."

சாயங்காலமே வியாகுலமேரி ஒரு ஸ்டூல் கேட்டுச் சாமியாருக்கு ஆளனுப்பினாள்.